ஐம்பது கோடும் ஒரு ஃபிரிட்ஜும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுபாஷிணி கூரியரில் இந்த டைரியை அனுப்பியிருக்கிறாள். வருஷத்தில் ஏழு மாதம் போன பிறகு டைரி. கடைக்காரன் தள்ளுபடியில் தள்ளிவிட்டிருப்பான். கடைசிப் பக்கத்தில் அவளே ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண் போட்டுக் கோடு இழுத்து, மேலே ‘அம்மாவின் கனவுகள்’ என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருக்கிறாள். முப்பத்து நாலு வயசுப் பெண். பெங்களூரில் பார்க்கும் வேலை போதாதென்று, சனி ஞாயிறுகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வாழ்க்கைக்கு இலக்கு வேண்டும் என்று ஊராருக்கு வகுப்பு எடுக்கிறாள்.

“தெனமும் கொஞ்சம் எழுதும்மா. மனசுல இருக்கறதெல்லாம் கொட்டு. அப்புறம் லிஸ்ட் போடு. சாகறதுக்குள்ள என்னென்ன செய்யணும்னு ஆசையோ எல்லாத்தையும்.”

“சாகறதுக்குள்ள சாம்பார் வைக்கணும். அடுப்புல பருப்பு இருக்கு. வை போனை.”

வைக்கவில்லை. இந்த லிஸ்டை அவள் இருபத்தெட்டாம் தேதி திருக்கடையூரில், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் எல்லோருக்கும் வாசித்துக் காட்டப் போகிறாளாம். அன்றைக்கு அவள் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, லாட்ஜும் போட்டுவிட்டாள்.

அதாவது இவர் எனக்கு இன்னொரு தடவை தாலி கட்ட வேண்டும். ஒன்பது வருஷமாக இவரும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கொட்டு என்றாளே, கொட்டுகிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்தேழு. இவர் பெயர் கலியபெருமாள். ஒரு சிமென்ட் ஆலையில் கணக்குப் பார்க்கிறார், இந்த மாசக் கடைசியோடு ஓய்வு. திருச்சியில் சொந்த வீடு. ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு ஃபிரிட்ஜ்.

பேச்சு நின்ற புதிதில் சுபாதான் தூது. “அம்மாகிட்ட சொல்லு”, “அப்பாகிட்ட சொல்லு” என்று அவளை இங்கேயும் அங்கேயும் ஓடவிட்டோம். அவளுக்குக் கல்யாணமாகிப் போனதும் நடுவில் ஆள் இல்லை. ஒருநாள் இவர் ஃபிரிட்ஜைப் பார்த்து, “நாளைக்கு நான் வெளியில சாப்டுக்கறேன்” என்றார். நானும் ஃபிரிட்ஜைப் பார்த்து, “அப்ப உலை வைக்கல” என்றேன். அன்றிலிருந்து அதுதான். பழைய ஃபிரிட்ஜ் போய்ப் புதுசு வந்தது. அதற்கும் பழகிவிட்டது.

இன்று இவர் அதனிடம் சொன்னது: “மோர் புளிச்சிருக்கு.” நான் அதனிடம் சொன்னது: “கடையில நல்ல மோர் விக்குது.”

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாவிளக்குப் போட்டேன். மத்தியானம் பொழுது போகாமல் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஐம்பதாம். எனக்கு ஆறுக்கு மேல் தேறவில்லை.

1. அவர் என் முகத்தைப் பார்த்து, தானாக, என்னிடம் பேச வேண்டும்.

2. அதுவரை திருக்கடையூரிலோ வேறு எந்த ஊரிலோ மணையில் உட்காரக் கூடாது.

3. காபி சூடாகக் குடிக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஆறியதை அல்ல.

4. எங்கே இறங்குவது என்று முடிவு செய்யாமல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போக வேண்டும்.

5. ஃபேன் சுற்றாமல் ஒரு ராத்திரி தூக்கம். இவர் மார்கழியிலும் ஐந்தில் வைப்பார். கீழே பாயில் படுத்திருக்கும் என் முட்டிக்குத்தான் தெரியும்.

6. அம்மா முகம்.

ஆறாவதை அடித்துவிட்டேன். இதையெல்லாம் லிஸ்டில் போட்டு என்ன செய்வது?

ஆகஸ்ட் 9, சனி

சுபாவிடம் போனில் சொல்லிவிட்டேன், நான் உட்காரப் போவதில்லை என்று.

“அம்மா! பத்திரிகை குடுத்தாச்சும்மா. எல்லாரும் டிக்கெட் போட்டாச்சு. என் மாமனார் மாமியார் வர்றாங்க.”

“வரட்டும். நல்லா சாப்டுட்டுப் போகட்டும். என்னை உக்காரச் சொல்றவரு அவரு வாயால கேக்கட்டும். கேட்டா உக்கார்றேன். அவ்வளவுதான்.”

“அவரு சுபாவம் உனக்குத் தெரியாதா?”

“என் சுபாவம் அவருக்குத் தெரியும்ல?”

அழுதாள். இவள் அழுதால் நான் இறங்கி வருவேன் என்று சின்ன வயசிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு நடந்ததை ஆரம்பித்தேன். உடனே, “ஹலோ, ஹலோ, கேக்கலம்மா” என்றாள். லைன் கட்டாகிவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தாலே பெங்களூரில் டவர் விழுந்துவிடுகிறது.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பாள் போல. சாயங்காலம் இவர் ஃபிரிட்ஜ் முன்னால் வந்து நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“உக்காரணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லை” என்றார் ஃபிரிட்ஜிடம். “புள்ளைய மட்டும் திட்ட வேணாம்.”

கேட்கச் சொன்னால் அனுமதி கொடுக்கிறார். இவர் யார் எனக்கு அனுமதி கொடுக்க? வெங்காயத்தை இரண்டு மடங்கு நறுக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆரோக்கியமேரி பாத்திரம் தேய்க்க வந்து மூன்று மாதம் ஆகிறது. இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்து இன்றைக்குக் கேட்டேவிட்டாள்.

“ஏங்க்கா, சாரும் நீங்களும் ஏன் ஃபிரிட்ஜப் பாத்துப் பேசிக்கிறீங்க? மொதல்ல நான் பயந்தேபோயிட்டேன்.”

இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று குரலை உயர்த்தியே சொன்னேன்.

சுபாவுக்கு நிச்சயதார்த்தம் அன்றைக்கு. வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து ரயிலில் வந்தார்கள். அவர்களை அழைக்க இவர் இருட்டிலேயே ஜங்ஷனுக்குப் போனவர், அவர்களோடேயே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சீர்த்தட்டெல்லாம் நானே ஒருத்தியாகச் சுமந்துகொண்டு முதலிலேயே மண்டபத்துக்குப் போய் அடுக்கினேன். தலை நிறைய மல்லிகைப்பூ. வாய் நிறையச் சிரிப்பு. சம்பந்தியம்மாளுக்குப் பாயசம் ஊற்றினேன், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று உபசாரம் வேறு.

எல்லாம் முடிந்து அவர்களை வண்டி ஏற்றிய பிறகு இவர் வந்து சொன்னார். “ஒங்கம்மா விடியக்காலமே தவறிட்டாங்க. போன் வந்துச்சு. நான்தான் சொல்லல. சாவுச் சேதின்னு தெரிஞ்சா தட்டு மாத்த மாட்டாங்க.”

புதுக்கோட்டை தாண்டி ஆவுடையார்கோயில் பக்கம் என் அம்மா வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, சனியில் பிணம் கிளம்பக் கூடாது என்று வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். என் தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். “வீட்டுக்கு விடிஞ்சதும் போன் போட்டுச் சொல்லியாச்சே. நீ வரலன்னா நாங்க என்ன செய்யறது?” என்றான். வாய்க்கரிசி போடவில்லை. முகம் பார்க்கவில்லை. தலையில் அந்தப் பூவோடு சுடுகாட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இனி ஒங்களோட ஒரு வார்த்தை பேசினா என்னை என்னன்னு கேளுங்க” என்று அன்றைக்குச் சொன்னேன். இவரும் ரோஷக்காரர். “பேச வேணாம்” என்றார்.

ஆரோக்கியமேரி, “பாவம்க்கா நீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினார். இப்போதாவது ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். எழுந்து போய்ச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆலையில் கொடியேற்றிக் கொடுத்த லட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். நான் தொடவில்லை. எறும்பு தொட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் எழுந்தபோது ஃபேன் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டர் பழுதாகியிருக்கும். ஃபிரிட்ஜ் மேல் முட்டிவலித் தைலம் ஒரு புதுப் பாட்டில். மருந்துக்கடையில் எதற்காவது இலவசமாகக் கொடுத்திருப்பான்.

ஆகஸ்ட் 20, புதன்

சுபா அனுப்பிய கூறைப்புடவை வந்தது. அரக்குச் சிவப்பு, கையகல ஜரிகை. பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்து வைத்தேன். நல்ல புடவை. அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தக் கலர் பிடிக்கும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த கலராக இருப்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுபா நேற்று வந்தாள். மாப்பிள்ளை நேரே திருக்கடையூருக்கு வருவாராம். வந்ததும் வராததுமாக டைரியைத் தேடினாள். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினேன். இந்தப் பக்கங்களை என் பீரோ சாவியோடு சேர்த்து இடுப்பில் முடிந்துகொள்ள முடியுமானால் முடிந்துகொள்வேன்.

“இது என்னம்மா லிஸ்ட்டு? சூடா காபி, ஜன்னல் சீட்டு, ஃபேனு... கனவுன்னா பெருசா இருக்க வேணாமா? என் கிளாஸ்ல ஒருத்தங்க, ஒன்ன விட மூணு வயசு பெரியவங்க, இமயமலை ஏறணும்னு எழுதியிருக்காங்க.”

“அவ புருஷன் அவகிட்ட பேசுவான் போல. அதான் தூரமாப் போறா.”

சிரிக்கவில்லை. ஒன்றாம் எண்ணை விரலால் தொட்டாள். அப்புறம் அடித்துப் போட்டிருந்த ஆறாவதை உற்றுப் பார்த்தாள்.

“ஒம்பது வருஷம் ஆச்சும்மா. இன்னுமா?”

“முகம் பாக்கலடி நானு.”

“குக்கர் விசில் அடிக்குதும்மா” என்று எழுந்து போனாள். அடுப்பில் குக்கரே இல்லை.

பரணிலிருந்து போட்டோக்களை எடுத்து இரண்டு பேர் வாழ்க்கையையும் படம் காட்டப் போகிறாளாம். நிச்சயதார்த்த ஆல்பத்தை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கல்யாணமாகிப் போனபோதும் அதை இங்கேதான் விட்டுப் போனாள். நானும் ஒரு நாளும் திறந்ததில்லை. அதில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கும்பகோணத்திலிருந்து தனபாக்கியம் அண்ணி பேசினார். இவருடைய அக்கா. இவருக்கு மூன்று வயதில் தாயார் போய்விட, இடுப்பில் வைத்து வளர்த்தது அவர்தான். இப்போது படுக்கையில் கிடக்கிறார். மாசம் ஒரு தடவை இவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்த அன்றைக்கெல்லாம் சாப்பிடமாட்டார். அந்தக் குடும்பத்திலேயே என்னிடம் நேருக்கு நேர் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

“என்னால வர முடியாது அரசி. குணசேகர் போன்ல காட்டறேன்னிருக்கான். நீ உக்கார மாட்டேங்கிறியாமே?”

“அவரு கேக்கட்டும் அண்ணி.”

“அவன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். வரட்டும், காதைத் திருகி அனுப்பறேன்.”

அவருடைய குரல் ரொம்ப மெலிந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கும்பகோணம் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றியவர் நேராக என்னை நோக்கி வந்தார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. இரண்டு எட்டு வைத்தார். பிறகு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிவிட்டார்.

“வியாழக்கிழமை உக்காந்தா நல்லாருக்கும்னு ஒருத்தர் ஆசப்படறாங்க.”

“யாராம்?” என்றேன் ஃபிரிட்ஜிடம்.

அதன் கதவைத் திறந்து மூடினார்.

“கும்பகோணத்துல” என்றார்.

போதும். இனி இவர் கேட்கப் போவதில்லை. நான் திருக்கடையூருக்குப் போவேன். குளிப்பேன், தலை வாருவேன், கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பேன். மாலையைக் கொண்டுவந்து கழுத்தில் போட வரும்போது எழுந்து நடையைக் கட்டிவிடுவேன். அன்றைக்கு என்னைச் சிரிக்க வைத்துக் கூத்துப் பார்த்தார். இவரும் ஊர் முன்னால் ஒருநாள் கையில் தாலியோடு நிற்கட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துப் பூஜை முடித்துவிட்டு வேனில் ஏறினோம். நான் முன் சீட்டு, இவர் கடைசி சீட்டு. நடுவில் சுபா உட்கார்ந்துகொண்டு வழிநெடுக யாருக்கோ போன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

விடியற்காலை, லாட்ஜ். இன்றைக்கு எழுந்து போகிறேன். முடிவு செய்தாகிவிட்டது. புடவையைக்கூட உடுத்தவில்லை. பழைய காட்டன்தான்.

ஆகஸ்ட் 30, சனி

இரண்டு நாளாகப் பேனாவைத் தொடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் என் போன் அடித்தது. குணசேகர். அண்ணியின் மகன்.

“அத்தை, மாமா போன் அணைஞ்சு கெடக்கு. அம்மா போயிட்டாங்க அத்தை. இப்பதான். காபி குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சாங்க...”

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இவர் பக்கத்து அறையில் புது வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சுபாதான் அவர் போனை அணைத்து வைத்திருக்கிறாள்.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலில் எனக்கு இனித்தது. பெரிய பழிக்குப் பழி என் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் போதும். போய் மணையில் உட்கார்ந்து, தாலிக்குக் கழுத்தையும் நீட்டிவிடலாம். இவர் மாலையும் கழுத்துமாகச் சிரிப்பார், பந்தியில் வடை எடுத்துப் போடச் சொல்வார். எல்லாம் முடிந்து வண்டியில் ஏறும்போது நான் சொல்ல வேண்டும், ‘போன் வந்தது, நான்தான் சொல்லவில்லை’ என்று. போய் அந்தக் கழுவிய வாசலைப் பார்க்கட்டும். ஒன்பது வருஷம் எப்படி இருந்தது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சுபா பூக்கூடையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள்.

“அப்பாகிட்ட சொல்லாதம்மா.”

நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? அவள் வாயால் கேட்டபோது கசந்தது.

“ஒம்பதரைக்கு முகூர்த்தம். முடிஞ்சதும் நானே சொல்றேன். ரெண்டு மணி நேரந்தானேம்மா. எத்தனை பேரு வந்திருக்காங்க.”

“வளத்தவங்கடி அவருக்கு. அம்மா மாதிரி.”

“தெரியும்மா. எனக்கும் அழுகை வருது. ஆனா நாம கொஞ்சம் மனசக் கல்லாக்கிக்கணும். முடியும்மா. அன்னைக்கு எனக்கு மட்டும் அழுகை வரலயா? மாமா அழுதுக்கிட்டே போன வச்சதும் நான் பாட்டுக்கு மேக்கப் போட்டுக்கிட்டு, மண்டபத்துல சிரிச்ச முகமா வந்து உக்காரலயா?”

சொல்லிவிட்டு நின்றாள். நானும் அவளைப் பார்த்தேன்.

எதிர் வீட்டில் விளக்குப் போட்டால் நம் வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழுமே, அந்த மாதிரி எல்லாம் தெரிந்தது. என் தம்பி ‘வீட்டுக்குப் போன் போட்டேன்’ என்றான். வீட்டில் அன்றைக்கு விடியும்போது நான் இல்லை, மண்டபத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் இல்லை, ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தார். அழகு செய்கிற பெண்ணின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இவள் ஒருத்திதான்.

“நீயா எடுத்த?”

“அம்மா...”

“அவருக்கு எப்ப சொன்ன?”

“மண்டபத்துக்கு வந்ததும் சொன்னேன். நின்னுபோயிடும்பா, வேணாம்பான்னு அழுதேன். அப்பா... அப்பா ஒண்ணும் சொல்லலம்மா.”

அவளை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நேரமில்லை. கதவை மறித்து நின்றவளை ஒரு கையால் தள்ளிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன்.

இவர் கண்ணாடி முன்னால் விபூதி இட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஃபிரிட்ஜ் இல்லை.

“அக்கா போயிட்டாங்க” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். “குணசேகர் போன் பண்ணினான். கெளம்புங்க. முகத்தப் பாத்துடலாம்.”

லிஸ்டில் ஒன்றாம் எண் அந்த இடத்திலேயே தோற்றுப்போனது. நான்தான் முதலில் பேசினேன்.

இவர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டையை எடுத்துப் போட்டார், பொத்தானை மாற்றிப் போட்டார், கழற்றினார், மறுபடியும் மாற்றிப் போட்டார். நான் போய்ச் சரியாகப் போட்டுவிட்டேன். வாசலில் நாயனக்காரர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் வண்டிக்குப் போனோம். வந்தவர்களுக்குப் பதில் சொல்லச் சுபாவை விட்டுவிட்டோம்.

மயிலாடுதுறை தாண்டும்போது இவர் டிரைவரிடம் கேட்டார், துணிக்கடை எதுவும் திறந்திருக்குமா என்று. கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அந்தப் புதுப் புடவையைப் போர்த்துகிற உரிமை இவர் ஒருவருக்குத்தான். அண்ணியின் கணவர் இருக்கிறார், அண்ணி சுமங்கலியாகப் போயிருக்கிறார், பட்டாக இருந்தால் நல்லது. “பத்து மணிக்கு மேலதான் சார் தெறப்பாங்க” என்றான் டிரைவர். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

என் பையில் கூறைப்புடவை இருந்தது. மடிப்புக் கலையாமல், கடைப் பெட்டியோடு. எடுத்து இவர் மடியில் வைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதைத்தான் போர்த்தினார். அரக்குச் சிவப்பு அண்ணிக்கு நன்றாகவே இருந்தது. வாய்க்கரிசி போட்டார், மூன்று தடவை. முகம் தெளிவாக இருந்தது. இடது புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கி, யாரையோ அதட்டப் போகிற மாதிரி. அம்மா முகம் எப்படி இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

சுபா மத்தியானம் வந்து சேர்ந்தாள். என் பக்கத்தில் உட்கார வந்தாள். நான் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தேன். நேற்று அங்கிருந்தே பெங்களூர் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவருக்கு இன்றோடு வேலை முடிந்தது. ஆலையில் மாலை மரியாதையெல்லாம் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்.

எனக்குக் கொதிப்பு அடங்கவில்லை. அவள் சின்னப் பெண், இருபத்தைந்து வயது, பயந்துவிட்டாள், சரி. இவர்? நாள் முழுக்கத் தெரிந்துகொண்டே என்னைப் பாயசம் ஊற்றவிட்டார். அது ஒன்று. மகளைக் காப்பாற்ற, ‘நான்தான்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அது இன்னொன்று. தியாகியாக இருக்க என்னைக் கேட்டாரா? ஒன்பது வருஷம் என் கோபத்தைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், இவர் கதவைத் திறந்து வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார். நல்லவராம். இப்படிப்பட்ட நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவதற்குக் கெட்டவனோடு நடத்திவிடலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் காபி போட்டேன். இரண்டு டம்ளர். அவருடையதை ஃபிரிட்ஜ் மேல் வைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போய் நாற்காலிக்கு எதிரில் நின்றேன்.

“அன்னைக்கு அந்த போனை எடுத்தது யாரு?”

இவர் நிமிர்ந்தார். கண் நேராக ஃபிரிட்ஜுக்குப் போயிற்று.

“முடிஞ்சுபோனதெல்லாம் இப்ப எதுக்கு” என்றார் அதனிடம்.

“அது பதில் சொல்லாது. என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

ஆரோக்கியமேரி கொல்லையில் குழாயை மூடிவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தாள். இவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு வயசாகிவிட்டது இவருக்கு. கண்ணுக்குக் கீழே பை பையாகத் தொங்குகிறது. நானும் ஒன்பது வருஷமாக இவரைச் சரியாகப் பார்க்கவில்லை.

“நான்தான் எடுத்தேன், அரசி.”

பச்சைப் பொய். என் முகத்தைப் பார்த்து, என் பெயரைச் சொல்லி, வாய் கூசாமல் பொய் சொல்கிறார். காபியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நானும் அங்கேயே உட்கார்ந்து என் டம்ளரைக் குடித்தேன். சூடாக இருந்தது, நாக்குச் சுட்டுவிட்டது.

கடைசிப் பக்கத்தைத் திறந்து மூன்றாம் எண்ணை அடித்தேன். ஒன்றாம் எண்ணில் பேனா நின்றது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். நிஜம் பேச வேண்டும் என்று எழுதவில்லை. தானாகப் பேச வேண்டும் என்பதும் நடக்கவில்லை. போகட்டும் என்று அதையும் அடித்தேன்.

காலையிலிருந்து சுபா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் எடுக்கவில்லை. இந்த ஜென்மத்தில் இவளோடு ஒரு வார்த்தை பேசப் போவதில்லை என்று இங்கே எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்தேன். ‘இந்த’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரில் ஃபிரிட்ஜ் நிற்கிறது. இவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “மோர் எங்க இருக்கு?” என்று கேட்கிறார். என்னைப் பார்த்துத்தான்.

“கண்ணுக்கு எதிர்ல இருக்கு” என்றேன்.

‘இந்த’ என்பதை அடித்துவிட்டேன். போன் மறுபடியும் அடிக்கிறது. எடுக்கப் போகிறேன். எடுத்து, ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து, அவள் காது கூசத் திட்டப் போகிறேன்.